குடித்த கை ஊசி போடலாமா?

குடியிலோ கஞ்சாவிலோ மாத்திரையிலோ சில வருடங்களைத் தொலைத்துவிட்டு மீண்டு வந்த ஒருவர் நர்ஸ் ஆகலாமா, கூடாதா? ஆஸ்பத்திரி நிர்வாகம் தீர்மானிக்க வேண்டிய விஷயம்போலத்தான் இது தெரிகிறது. இதற்கும் தலித் விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. ஒரு மனிதரின் பழைய கணக்கை வைத்து அவருடைய நாளைய சோற்றைத் தீர்மானிக்கலாமா என்கிற கேள்வி இதற்குள்ளே கிடக்கிறது. பிறப்பு என்கிற ஒரே கணக்கை வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைக்கப்பட்ட நமக்கு அது பழகிய கேள்விதான். அதேசமயம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய்பேச முடியாமல் படுத்திருப்பவர் யார் என்கிற கேள்வியும் இதற்குள்ளே இருக்கிறது. அதுவும் நம்முடைய கேள்விதான்.

எங்கள் காலனிக்கு இந்தக் கேள்வி பணத்தின் வழியாக வந்தது. அம்பேத்கர் மன்றத்துக்காரர்கள் வருஷா வருஷம் ஏப்ரல் 14 செலவு போக மிச்சத்தை எடுத்துவைத்து, மேற்கொண்டு வசூலும் செய்து, இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம் கட்டுவது வழக்கம். ஒரு வருஷம் கேட்டு வந்தவர்களில் ஒருவன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பெயிண்டிங் வேலைக்குப் போனவன். பத்தொன்பது வயதில் குடிக்க ஆரம்பித்து, காலையில் கை நடுங்காமல் பிரஷ் பிடிக்கவே ஒரு கட்டிங் வேண்டும் என்கிற நிலைக்குப் போய், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் படுத்து எழுந்து வந்தவன். நாலு வருஷமாகத் தொடவில்லை. நர்சிங் டிப்ளமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, முதல் வருஷத்துப் பணம் வேண்டும் என்றான். ஏன்டா இந்தப் படிப்பு என்று கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“நான் அங்க படுத்திருந்தப்ப மூணு நாளு எனக்கு நெனப்பே இல்லண்ணே. செவுத்துல பூச்சி ஓடுற மாதிரி இருக்கும், கத்துவேன். வர்றவங்க போறவங்கல்லாம் ‘குடிக்கும்போது இனிச்சிச்சா’ன்னு கேட்டுட்டுப் போவாங்க. ஒரே ஒரு அண்ணன், மேல் நர்ஸ், அவருதான் ராத்திரியில வந்து கையப் புடிச்சி, இது பூச்சி இல்லடா, ஒடம்பு சாராயத்தக் கேக்குது, ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும்னு சொன்னாரு. எனக்கு அந்த வேலதான் வேணும்.”

இரண்டு ராத்திரி பேச்சு நடந்தது. நல்லாப் படிக்கிற பொண்ணுங்க காத்திருக்கும்போது குடிச்சிட்டுத் திரிஞ்சவனுக்கு எதுக்கு என்று சிலர் கேட்டார்கள். அது பணத்தை யாருக்குப் பங்கிடுவது என்கிற சண்டை, அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வேறொரு எதிர்ப்பு வந்தது. அதுதான் கனமானது. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன அக்கா, எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர், எழுந்து பேசினார்:

“நீங்கள்லாம் புஸ்தகம் படிச்சிட்டுப் பேசுறீங்க தம்பி. நான் வார்டுல நின்னவ. ஆபரேஷன் முடிஞ்சி வந்து படுத்திருக்கறவ வலியில கத்துவா. அவளுக்குன்னு எழுதியிருக்கற ஊசிய ஒருத்தன் தனக்குப் போட்டுக்கிட்டு, அவளுக்கு வெறும் தண்ணிய ஏத்திட்டான்னு வையி. அவ கத்துறத யாரு நம்புவா? இது சும்மா கத்துதுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. படுத்திருக்கறவ யாரு? நம்ம சனந்தான. பணம் இருக்கறவனா ஜி.எச்.சுக்கு வர்றான்? அவனுக்கு வேல குடுக்கணும்னு நீங்க பாக்குறீங்க. அவளுக்கு யாரு பாக்குறது?”

இதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. எந்த உரிமைப் பேச்சும் அந்தக் கட்டிலை மிதித்துத் தாண்டக் கூடாது. அக்கா சொன்னது கற்பனையும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரித் தொழில்நுட்பப் பணியாளர் பிடிபட்டார். நோயாளிகளுக்கென்று எடுத்துவைத்த ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போனவர். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியது. 2013இல் அவருக்கு 39 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஒரு ஆளுடைய போதைக்கு அத்தனை பேருடைய ஈரல் பலியானது.

ஆனால் அந்த வழக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ‘நான் போதைக்கு அடிமையாக இருந்தேன், சிகிச்சை எடுத்தேன்’ என்று சொல்லிக்கொண்டு வேலையில் சேர்ந்தவர் இல்லை அவர். மாநிலம் மாநிலமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மறைத்துக்கொண்டே போனவர். முந்தைய இடங்களில் சந்தேகம் வந்திருக்கிறது. கையும் களவுமாகவே மாட்டியிருக்கிறார். வேலையை விட்டு அனுப்பியதோடு சரி. அவர் அடுத்த ஊரில் அடுத்த வேலையில் சேர்வதை எதுவும் தடுக்கவில்லை. நம்ம தலைவலி தீர்ந்தது என்று ஒவ்வொரு இடமும் கதவைச் சாத்திக்கொண்டது. ஆக, அந்த நோயாளிகளுக்குக் கேடு செய்தது அவருடைய பழைய கணக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கணக்கை மறைத்தே பிழைக்க முடியும் என்கிற ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள விரும்புகிறேன். ஒன்று ஆபத்து. இன்னொன்று தீட்டு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே ‘கிட்டே விடாதே’ என்றுதான் சொல்லும். ஆனால் ஆபத்துக்கு அளவு உண்டு, காலம் உண்டு, இடம் உண்டு. மின்கம்பி ஆபத்து, கரண்டை நிறுத்தினால் தொடலாம். காசநோய் ஆபத்து, மருந்து சாப்பிட்டுச் சளியில் கிருமி இல்லையென்றால் பக்கத்தில் உட்காரலாம். ஆபத்தைச் சோதித்துப் பார்க்கலாம், குறைக்கலாம், தீர்க்கலாம். அது யாரிடம் இருந்தாலும் ஆபத்துதான்; மேல்சாதிக்காரன் கையில் கம்பி இருந்தாலும் ஷாக் அடிக்கும். தீட்டுக்கு இதெல்லாம் கிடையாது. குளித்தாலும் போகாது, படித்தாலும் போகாது, கலெக்டர் ஆனாலும் போகாது. சோதனைக்கு அது கட்டுப்படாது, ஏனென்றால் அது சோதித்து வந்த முடிவே கிடையாது. குடித்து மீண்டவரைப் பற்றி ஒருவர் ‘கூடாது’ என்று சொல்லும்போது, அவர் ஆபத்தைப் பேசுகிறாரா தீட்டைப் பேசுகிறாரா என்று நாம் கேட்க வேண்டும். அக்கா பேசியது ஆபத்தை. அதனால்தான் அவரோடு பேச முடிந்தது.

தமிழில் ‘குடிகாரன்’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு இறந்தகாலம் இல்லை. குடித்தான், குடிக்கிறான், குடிப்பான் என்று வினைக்குக் காலம் இருக்கிறது. குடிகாரன் என்று பெயராகிவிட்டால் காலம் கழன்றுவிடுகிறது. நாலு வருஷமாகத் தொடாதவனும் தெருவுக்குக் குடிகாரன்தான். சாதிப் பெயரும் இப்படித்தான் வேலை செய்கிறது. செத்த மாட்டைத் தூக்குவதை விட்டு மூன்று தலைமுறை ஆன பிறகும் பெயர் அங்கேயே நிற்கிறது. வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இதைக் காகிதத்தில் எழுதியே காட்டியது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டம் குறவர் முதலான பல சமூகங்களைக் கூண்டோடு குற்றவாளிகள் என்று பதிந்தது. யார் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தார் என்று கேட்டது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அது ஒழிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டதா என்பதைக் குறவர் குடும்பங்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நர்ஸ் வேலையே இந்த நாட்டில் தீட்டாக இருந்த வேலை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்துவப் பெண்கள். பீயையும் மூத்திரத்தையும் ரத்தத்தையும் தொடுகிற வேலை, அந்நிய ஆணின் உடம்பைத் தொடுகிற வேலை என்று சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பவில்லை. அதற்கு முன்னால் ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர்களும் மருத்துவச்சிகளும் சேரிப் பெண்களும்தானே. பிள்ளையை வாங்கிக் கொடுத்த கையைத் திண்ணையில் உட்காரவிடாத ஊர் இது. சம்பளமும் மரியாதையும் வந்த பிறகு அதே வேலை ‘புனிதப் பணி’ ஆயிற்று, நர்ஸ் ‘வெள்ளுடை தேவதை’ ஆனார். புனிதம் என்று ஒன்றைச் சொன்னவுடன் அதை யாரோ கெடுத்துவிடுவார்கள் என்கிற பயமும் கூடவே வந்துவிடும். நர்ஸ் வேலையை ஒரு வேலையாக, திறமையும் கவனமும் நல்ல சம்பளமும் வேண்டிய உழைப்பாகப் பார்த்தால் ‘இவர் இதைச் சரியாகச் செய்வாரா’ என்று கேட்போம். கோயிலாகப் பார்த்தால் ‘இவர் உள்ளே வரலாமா’ என்று கேட்போம். கோயில் வாசலில் நின்ற அனுபவம் நமக்கு நிறைய இருக்கிறது.

அடுத்து, யாரை அடிமை என்கிறோம்? கிளப்பில் தினமும் மூன்று பெக் விஸ்கி அடிக்கிற பெரிய மனுஷருக்குப் பெயர் ‘சோஷியல் டிரிங்கிங்’. டாஸ்மாக் வாசலில் குவார்ட்டரோடு விழுந்து கிடக்கிறவர் குடிகாரர். இருவர் கல்லீரலும் ஒன்றுபோலத்தான் கெடுகிறது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருஷத்தது. அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதே அரசு 1983இல் டாஸ்மாக்கை ஏற்படுத்தி, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. பாட்டிலை விற்கிற கையும், ‘நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவா’ என்று நீட்டுகிற கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மலக்குழியில் ஆளை இறக்குவதைச் சட்டம் 2013இல் தடை செய்தது. இன்னும் இறங்குகிறார்கள், சாகிறார்கள். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்று அந்தத் தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் தலித்துகள், கூலி வேலைக்காரர்கள். இந்த மண்ணில் குடியின் வரலாறு வேண்டாம் என்று சல்லடை போட்டுச் சலித்தால், சல்லடையில் மாட்டுவது பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். கிளப்பில் குடித்தவருக்கு ஆவணம் இருக்காது.

இதைச் சொல்வதால் குடிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். நம்முடைய மரபே குடிக்கு எதிரானது. அயோத்திதாசப் பண்டிதர் முன்னெடுத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் கள்ளுண்ணாமை ஒன்று. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் மக்களுக்குச் செய்துவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் உண்டு. ஆனால் அன்றைக்கு அங்கே திரண்டிருந்த லட்சக்கணக்கானவர்களில் நேற்றுவரை குடித்தவர் யார் என்று பிரித்து நிறுத்தவில்லை. உறுதிமொழி நாளையைப் பற்றியது. நேற்றைத் தோண்டிப் பார்த்திருந்தால் அந்தத் திடலில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

போதை அடிமை என்கிற உருவத்தின்மேல் இந்த நாடு வைத்திருக்கிற பயம் யாரை வதைத்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. லைசென்ஸ் மேல் லைசென்ஸ், தவறினால் கடுஞ்சிறை. மார்ஃபினை வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் பயந்தன. அடுத்த பன்னிரண்டு வருடங்களில் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது. புற்றுநோய் முற்றியவர்கள் வலியில் கதறிக் கதறிச் செத்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை இருபத்தொன்பது வருடம். திருடிவிடுவான் என்று பயந்து பூட்டிய பூட்டு, மருந்து வேண்டியவரைத்தான் வெளியே நிறுத்தியது. அக்கா சொன்ன கட்டிலில் கத்துகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். திருடுகிற நர்ஸ் அவளுக்கு எதிரி. அதேபோல, பயத்தை மட்டுமே சட்டமாக்குகிறவரும் அவளுக்கு எதிரிதான்.

சரி, ஆபத்தை உண்மையிலேயே குறைக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது, அதைத் தந்தவர்கள் டாக்டர்கள். அமெரிக்காவில் குடிக்கும் போதைக்கும் சிகிச்சை எடுத்து, மாநிலத் திட்டங்களின் கண்காணிப்பில் இருந்த டாக்டர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து, 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்ன ஆனார்கள் என்று தெரிந்த 802 பேரில் 647 பேர் சிகிச்சையை முடித்துக் கண்காணிப்போடு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த 647 பேரில் ஐந்து வருடத்துச் சிறுநீர்ச் சோதனைகளில் ஒருமுறையாவது மாட்டியவர்கள் 126 பேர். அதாவது, ஐந்தில் நாலு பேர் ஒருமுறைகூட மாட்டவில்லை. மீதி ஒருவர் மாட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆபத்து பூஜ்யம் இல்லை. ஆனால் கண்காணிப்பு இருந்ததால்தான் அந்த ஒருவர் கண்ணில் பட்டார்.

நர்சுகளுக்கும் இப்படி ஒரு வழி அங்கே உண்டு. ஃப்ளோரிடா மாநிலம் 1983இல் முதலில் தொடங்கியது: லைசென்ஸைப் பிடுங்கித் தெருவில் விடுவதற்குப் பதில், வேலையிலிருந்து விலக்கி, சிகிச்சைக்கு அனுப்பி, சோதனையோடு திரும்பக் கொண்டுவருவது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. இதில் நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. டாக்டர்கள் இவ்வளவு நன்றாக மீண்டதற்குக் காரணம் அவர்கள் உயர்ந்த பிறவிகள் என்பதா? நீண்ட சிகிச்சை, வருடக்கணக்கில் சோதனை, காத்திருக்கிற வேலை, இழக்கப் பயப்படுகிற ஒரு வாழ்க்கை இவையெல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. நம் தெருப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? பத்து நாள் அட்மிஷன், ஒரு சீட்டில் மாத்திரை, வாசலில் டாஸ்மாக். பிறகு திரும்பக் குடித்தால் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று ஒரு தீர்ப்பு. எதைக் கொடுத்தோம், எதை எதிர்பார்க்கிறோம்?

அக்காவோடு உட்கார்ந்து பேசியதில் சில விஷயங்கள் தெளிவாயின. அவர் சொன்ன வேலைமுறையையும் நம்முடைய வாதத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, கட்டுப்பாட்டு மருந்துக்கு இரண்டு பேர் கையெழுத்து. பெதிடின், மார்ஃபின், ஃபென்டனில் எதை எடுத்தாலும் இருவர் பார்க்க எடுப்பது, மிச்சத்தை இருவர் பார்க்கக் கொட்டுவது, ரிஜிஸ்டரை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண்ணி ஒப்படைப்பது. இது குடித்து மீண்டவருக்கு மட்டுமான விதி ஆகக் கூடாது. எல்லாருக்கும். ஏனென்றால், ஒருநாளும் குடிக்காமல் வேலைக்கு வந்து, இடுப்பு வலிக்கு ஒன்று, நைட் டூட்டி அசதிக்கு ஒன்று என்று அலமாரியிலிருந்தே ஆரம்பித்தவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. சாவியும் களைப்பும் ஒரே கையில் இருக்கிற வேலை இது. பழைய கணக்கைக் கேட்டு மட்டும் அவர்களைப் பிடிக்க முடியாது.

இரண்டாவது, காலமும் இடமும். நேற்று நிறுத்தியவரும் நாலு வருஷமாக நிறுத்தியவரும் ஒன்றல்ல. முதல் சில வருடங்கள் சிகிச்சைத் தொடர்பு, சோதனை. ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யு. மாதிரி இடங்களின் சாவி அவரிடம் வேண்டாம். தடுப்பூசி, பிரசவத்துக்கு முந்திய கவனிப்பு, காசநோய்ப் பிரிவு என்று வேலை எவ்வளவோ கிடக்கிறது. இந்தக் கட்டுப்பாடு முடிகிற தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிவுத்தேதி இல்லாத கண்காணிப்பு தீட்டாகிவிடும்.

மூன்றாவது, சொன்னால் சோறு போகாது என்கிற உறுதி. ‘சிஸ்டர், ஒரு வாரமா எனக்கு மனசு அதுலயே நிக்குது’ என்று இன்சார்ஜிடம் ஒருவர் சொல்ல முடிகிற வார்டுதான் பாதுகாப்பான வார்டு. சொன்னவருக்கு விடுப்பு, சிகிச்சை, திரும்பி வர வழி. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த நிலைகளையும் நோய் என்கிற வரையறைக்குள்தான் வைக்கிறது, சிகிச்சை விவரத்தின் ரகசியத்தையும் காக்கிறது. பொறுப்பில் இருக்கிற ஒருவருக்குத் தெரிந்தால் போதும். டீக்கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. அதேசமயம், சொல்லாமல் மறைத்து நோயாளியின் மருந்தில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், நம் தெருக்காரராகவே இருந்தாலும், அவருடைய பதிவு போக வேண்டியதுதான். அங்கே இரக்கம் காட்டினால் அந்தச் செலவைக் கட்டிலில் இருப்பவள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

நாலாவது, டீனில் இருந்து துப்புரவுப் பணியாளர் வரை ஒரே அளவுகோல். குடித்துவிட்டு ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரை ‘ஐயாவுக்கு இன்னிக்கி முடியல’ என்று பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்புவதும், வார்டு பாயை வாயை ஊதச் சொல்லி மெமோ கொடுப்பதும் ஒரே கூரைக்குக் கீழே நடக்குமானால், அங்கே பாதுகாப்பது நோயாளியை இல்லை.

இவ்வளவையும் பேசி முடித்த பிறகு அக்கா, “இதெல்லாம் இருந்தா சேத்துக்கலாம். இல்லாம சேத்தா அவனுக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு” என்றார். மன்றம் பணம் கட்டியது. அவனுக்கும் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: அந்தப் பள்ளியில் பொறுப்பான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும். அவன் யோசித்தான். “சொன்னா சேத்துக்குவாங்களாண்ணே?” என்று கேட்டான். அதற்கு எங்களில் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தான். சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே இன்னொரு பக்கத்துக்கும் எச்சரிக்கை வேண்டும். அடிபட்டவனுக்குத்தான் அடிபட்டவன் வலி தெரியும் என்று நம் எழுத்துகளில் நிறையச் சொல்கிறோம். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. போதை மறுவாழ்வு மையம் என்ற பெயரில் ஆளைக் கட்டிவைத்து அடிக்கிற இடங்களைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் கம்பை எடுப்பவர்களில் முன்னாள் குடிகாரர்களும் உண்டு. ‘என்னையும் இப்படித்தான் அடிச்சித் திருத்துனாங்க’ என்பார்கள். துன்பம் ஒருவருக்கு அறிவைக் கொடுக்கலாம், கருணையைத் தானாகக் கொடுத்துவிடாது. ஆகவே குடித்து மீண்டவர் என்பதாலேயே ஒருவர் நல்ல நர்ஸ் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அந்த அனுபவம் தகுதியும் இல்லை, தகுதியின்மையும் இல்லை. அதை அவர் என்னவாக மாற்றிக்கொண்டார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பௌத்த வினயத்தில், மகாவக்கத்தில், ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு துறவியை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தூக்கிப் படுக்கவைக்கிறார்கள். அதை ஒட்டியே, நோயாளியைக் கவனிக்கத் தகுந்தவருக்கு ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன. மருந்தைத் தயார்செய்யத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது. நல்ல வார்த்தை சொல்லி நோயாளியைத் தேற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். எந்தக் குலம் என்றோ நேற்று என்ன செய்தாய் என்றோ அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

அங்குலிமாலன் கதையும் அந்த மரபில்தான் இருக்கிறது. ஆட்களைக் கொன்று விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டவன் துறவியானான். பிள்ளை பெற முடியாமல் துடித்த ஒரு பெண்ணின் வேதனை தீர, அவனையே போய் நல்வாக்குச் சொல்லச் சொன்னார் புத்தர். இன்றும் இலங்கையில் கர்ப்பிணிகளுக்காக ஓதுகிற பிரித்தில் அவன் பெயர் நிற்கிறது. ஆனால் அதே மரபு இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. பிச்சைக்குப் போன இடத்தில் அவன் மண்டை உடைந்து ரத்தத்தோடு திரும்பினான். அவனைப் பார்த்து ஜனங்கள் மிரண்டதால், பேர்போன கொள்ளைக்காரனுக்கு இனித் துறவு கொடுக்கக் கூடாது என்று ஒரு விதியும் வந்தது. ஜனங்களின் பயத்துக்குச் சங்கம் காது கொடுத்தது. உள்ளே வந்துவிட்டவனையும் அது வெளியே தள்ளவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம்தான். பயத்துக்கும் காது கொடுக்க வேண்டும், மனிதரையும் கைவிடக் கூடாது.

செவிலியர் சங்கத்துத் தோழர்களுக்கும், நர்சிங் மாணவர்களுக்கும், நம் மன்றங்களுக்கும் ஒன்று சொல்வேன். ‘நீ எப்போதாவது குடித்தாயா’ என்று கேட்கிற விண்ணப்பப் படிவம் பொய்யைத்தான் வாங்கும். ஆமாம் என்று எழுதியவரை வெளியே தள்ளி, இல்லை என்று எழுதியவரை உள்ளே விடுகிற சல்லடை, உண்மை பேசுகிறவர்களையெல்லாம் சலித்துக் கழித்துவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இன்றைக்கு உன் கை நடுங்குகிறதா? நடுங்கினால் யாரிடம் சொல்வாய்? சொன்னால் அவர் என்ன செய்வார்? முதல் இரண்டுக்கும் அந்தப் பிள்ளை பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி, நர்சிங் பள்ளி, சங்கம். அந்தப் பதிலை எழுத்தில் வாங்குவதற்காகப் போராடலாம். கட்டிலில் கத்துகிற பெண்ணுக்காகவும்தான் அந்தப் போராட்டம்.